கம்பெனிக் கணக்கை நாமும் படிப்போம்

(தோட்டக் கிளைத் தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு கம்பெனிக் கணக்கு. "இது கிராணிமார் சமாச்சாரம், பால் வெட்டுகிற நமக்கு இது எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சம்பளப் பேச்சு வார்த்தையில் நாம் நம் கோரிக்கையை வைக்கிறோம். எதிர்த் தரப்பு ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைக்கிறது. "இதோ பாருங்கள், இந்த ஆண்டு இலாபம் ஒரு லட்சம்தான். நீங்கள் கேட்பதைக் கொடுத்தால் கம்பெனி நட்டத்தில் போகும்" என்கிறது. அந்தத் தாளைக் கண்டதும் நம்மில் சிலர் கோபப்படுகிறோம். சிலர் வாயடைத்துப் போகிறோம். கோபத்தாலும் கூலி உயராது, மௌனத்தாலும் உயராது. அந்தத் தாளைப் படித்து, அதிலிருந்தே கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் பதில் கிடைக்கும்.

இது கடினமான கல்வி என்று யாரும் அஞ்ச வேண்டாம். பால் நிறுக்கும் இடத்தில் நாம் நாள்தோறும் செய்கிற வேலைதான் இதுவும். வாளியில் பத்துக் கிலோ பால் இருந்தால் பத்துக் கிலோ ரப்பர் இருக்கிறது என்று யாராவது சொல்வோமா? அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உலர் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். வாளி எடை வேறு, உலர் எடை வேறு என்று நமக்குத் தெரியும். உலர் எடையை யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதில் கண்ணாக இருக்கிறோம். கம்பெனித் தாளில் காணும் இலாபமும் வாளி எடையைப் போன்றது. அது எப்படி வந்தது என்று பார்த்துத்தான் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரட்டைப் பதிவு

இத்தாலி நாட்டில் லூக்கா பசியோலி என்ற பாதிரியார் 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் ஒரு கணித நூலை அச்சிட்டார். அந்நகரத்து வணிகர்கள் அதற்கு முன்பே கையாண்டு வந்த இரட்டைப் பதிவு முறையை அதில் விளக்கினார். இன்று உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் எழுதும் கணக்கு அதே முறைதான். அதன் விதி ஒன்றே ஒன்று: ஒரு காசு எங்கேயாவது வந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும். உரம் வாங்கினால் உரம் வந்தது என்று ஒரு பக்கம். ரொக்கம் போயிற்று, அல்லது கடைக்காரனுக்குக் கடன் பட்டோம் என்று மறு பக்கம். இரு பக்கமும் எப்போதும் சமமாக இருக்கும்.

ஆபீசில் உட்காரும் எங்களைப் போன்றவர்கள் எழுதுவது தோட்டக் கணக்கு. செக்ரோல், ஸ்டோர் புத்தகம், பால் கணக்கு, லோரிச் செலவு இவையெல்லாம் எங்கள் கையில் இருக்கின்றன. ஆனால் இலாபம் பிறக்கும் இடம் எங்கள் ஆபீசு அல்ல. அது தலைமைக் கம்பெனியின் புத்தகத்தில் பிறக்கிறது. தோட்டத்தின் செலவை அறிந்த கிராணிக்கும் கம்பெனியின் இலாபம் தெரியாது. ஆகவே கிராணியும் வெட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து இதைப் படிப்பதுதான் முறை.

முதல் கணக்கு: இலாபம்

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் கணக்குக்கு எளிதாக நாம் வைத்துக்கொண்டவை. 500 ஹெக்டர் ரப்பர். 100 தொழிலாளர்கள். ஓர் ஆண்டில் 6 லட்சம் கிலோ உலர் ரப்பர். கிலோவுக்கு 7 வெள்ளி வீதம் விற்பனை 42 லட்சம் வெள்ளி. இனிச் செலவு:

கூலி: 21 லட்சம்.
உரம், மருந்து, லோரி, ஆலைச் செலவு: 8 லட்சம்.
தோட்ட நிர்வாகம், ஆபீஸ்: 3 லட்சம்.
தலைமைக் கம்பெனிக்கு நிர்வாகக் கட்டணம்: 4 லட்சம்.
தேய்மானம்: 4 லட்சம்.
வங்கி வட்டி: 1 லட்சம்.

கூட்டினால் 41 லட்சம். மிச்சம் 1 லட்சம். இதுதான் வரிக்கு முந்திய இலாபம்.

நாம் கேட்பது ஆளுக்கு மாதம் 100 வெள்ளி உயர்வு. 100 பேர், 100 வெள்ளி, 12 மாதம்: 1 லட்சத்து 20 ஆயிரம். இலாபமோ 1 லட்சம். "20 ஆயிரம் நட்டம் வரும்" என்று அவர்கள் சொன்னால் கழித்தல் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கழிக்கப்பட்ட தொகைகள் எல்லாம் ஒரே இனம்தானா? அதைப் பார்ப்போம்.

முதலில் விற்பனை விலை. கிலோவுக்கு 7 வெள்ளி என்பது யாருக்கு விற்ற விலை? மலேசிய ரப்பர் வாரியம் சந்தை விலையை நாள்தோறும் வெளியிடுகிறது. ஆண்டுச் சராசரியை எடுத்து, நம் ரப்பரின் தரத்துக்கும் வடிவத்துக்கும் பொருந்திய விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கம்பெனி தன் ரப்பரைத் தனக்கு உறவான இன்னொரு கம்பெனிக்கே விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையில் 20 காசு குறைத்து எழுதினால் என்ன ஆகும்? 6 லட்சம் கிலோ, 20 காசு: 1 லட்சத்து 20 ஆயிரம். நாம் கேட்ட உயர்வு முழுவதும் அந்த 20 காசுக்குள் அடங்கிவிடுகிறது! இலாபம் அழியவில்லை, இந்தப் புத்தகத்திலிருந்து அந்தப் புத்தகத்துக்கு நடந்து போயிருக்கிறது.

அடுத்து நிர்வாகக் கட்டணம் 4 லட்சம். இதைப் பெறுவது யார், எந்த வேலைக்காக, தொகையை நிர்ணயித்தது யார்? வெள்ளைக்காரர் காலத்தில் ஏஜென்சி ஹவுஸ் என்ற முகவர் நிறுவனங்கள் பல தோட்டக் கம்பெனிகளை நிர்வகித்துக் கட்டணம் பெற்றன. தோட்டத்துக்கு நட்டம் வந்த ஆண்டிலும் கட்டணம் வரும். இன்றும் ஒரே குடும்பக் கம்பெனிகளுக்குள் இத்தகைய கொடுக்கல் வாங்கல் நடக்கலாம், அது குற்றமல்ல. உண்மையான வேலைக்கு உண்மையான கட்டணம் கொடுப்பது நியாயமும்கூட. ஆனால் கணக்கு விதிகளின்படி, உறவுக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கலை ஆண்டறிக்கையின் குறிப்புகளில் தெரிவிக்க வேண்டும். அந்தக் குறிப்புகள் அறிக்கையின் பின்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தின் வண்ணப் படங்களைப் புரட்டிவிட்டு நேரே அங்கே போங்கள்.

இரண்டாம் கணக்கு: தேய்மானம்

இங்கேதான் நம் தோழர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். தேய்மானம் என்றால் என்ன?

ஒரு ஹெக்டரில் கன்று நட்டு, வெட்டுக்கு வரும்வரை வளர்க்க 20 ஆயிரம் வெள்ளி ஆகிறது என்று வைப்போம். மரம் 25 ஆண்டு பால் தரும். அந்த 20 ஆயிரத்தை முதல் ஆண்டின் தலையிலேயே செலவாகக் கட்டாமல், 25 ஆண்டுக்கும் பங்கிட்டு ஆண்டுக்கு 800 வெள்ளியாக எழுதுகிறார்கள். 500 ஹெக்டருக்கு 4 லட்சம். இதுதான் நம் கணக்கில் வந்த தேய்மானம். பங்குச் சந்தைக் கம்பெனிகள் பின்பற்றும் மலேசியக் கணக்கு விதிப்படி, 2016ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து ரப்பர், செம்பனை போன்ற பலன் தரும் மரங்களை இயந்திரத்தைப் போலவே கருதித் தேய்மானம் எழுத வேண்டும். அதற்கு முன் தோட்டக் கம்பெனிகள் பலவற்றின் வழக்கம் வேறு: மறுநடவுச் செலவை அந்தந்த ஆண்டுச் செலவாகவே எழுதிவிடுவார்கள். ஆகவே பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும்.

கவனியுங்கள்: இந்த 4 லட்சத்தை இந்த ஆண்டு யாரும் யாருக்கும் கையில் கொடுக்கவில்லை. மரம் நட்ட காலத்தில் செலவான பணம் அது. எனவே இந்த ஆண்டு கம்பெனிக்கு வந்து சேர்ந்தது இலாபம் 1 லட்சமும் தேய்மானம் 4 லட்சமும் சேர்ந்து 5 லட்சம். பாக்கிகள் ஒரே அளவில் நின்றால் கணக்கு இதுதான்.

"அப்படியானால் 5 லட்சம் இருக்கிறதே, எங்களுக்குக் கொடு" என்று எழுந்து நின்று கத்தலாமா? கூடாது. இதை நாம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த 4 லட்சத்தை முழுவதும் கூலியாகத் தின்றுவிட்டால் கிழட்டு மரத்தை வெட்டிப் புது மரம் நடப் பணம் எங்கே? மரம் செத்தால் வேலை செத்தது. ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: "4 லட்சம் தேய்மானம் எழுதினீர்களே, இந்த ஆண்டு மறுநடவுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள்?" 4 லட்சத்துக்கு மறுநடவு நடந்திருந்தால் கணக்கு நேர்மையானது, அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. பல ஆண்டாக மறுநடவே இல்லை, ஆனால் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்படுகிறது என்றால், அந்தப் பணம் கடன் அடைக்கப் போயிற்றா, வேறு தொழிலுக்குப் போயிற்றா, பங்குதாரருக்குப் போயிற்றா என்று தேட வேண்டும். மறுநடவு இல்லாத தோட்டம் மூடுவதற்குத் தயாராகும் தோட்டமாக இருக்கலாம். அது கூலிப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை. ரொக்க ஓட்ட அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். இந்தக் கேள்விக்கு விடை அந்தப் பக்கத்தில்.

மூன்றாம் கணக்கு: ஐந்தொகை

இலாப நட்டக் கணக்கு ஓர் ஆண்டின் கதை. ஐந்தொகை என்னும் பாலன்ஸ் ஷீட் ஒரே ஒரு நாளின் நிழற்படம். அந்த நாளில் கம்பெனியிடம் என்ன இருக்கிறது, அதில் யார் யாருக்கு எவ்வளவு உரிமை என்று அது சொல்லும். நம் கற்பனைக் கம்பெனியின் ஐந்தொகை இதோ:

இருப்பவை: நிலம் 10 லட்சம், மரங்கள் 50 லட்சம், கையிருப்பு ரப்பர் 3 லட்சம், வரவேண்டிய பாக்கி 6 லட்சம், ரொக்கம் 1 லட்சம். மொத்தம் 70 லட்சம்.

உரிமைகள்: பங்கு முதல் 20 லட்சம், சேர்த்து வைத்த இலாபம் 24 லட்சம், வங்கிக் கடன் 20 லட்சம், கொடுக்க வேண்டிய பாக்கி 6 லட்சம். மொத்தம் 70 லட்சம்.

ஆலையும் வீடுகளும் எங்கே என்று கேட்பீர்கள். எப்போதோ தேய்மானம் எழுதி முடித்துச் சுழியமாகிவிட்டன என்று கொள்வோம். நாம் குடியிருக்கும் லயத்துக்குப் புத்தகத்தில் மதிப்பே இல்லாமல் போகலாம்; ஆனால் கூரை ஒழுகுவது நின்றுவிடாது.

இந்தத் தாளைப் பார்த்ததும் ஒரு தோழர், "சேர்த்து வைத்த இலாபம் 24 லட்சம் இருக்கிறது, அதிலிருந்து கொடுக்கச் சொல்லுங்கள்" என்பார். பொறுங்கள். 24 லட்சம் எந்தப் பெட்டியிலும் இல்லை. முந்திய ஆண்டுகளின் இலாபத்தைப் பங்குதாரர் எடுத்துக்கொள்ளாமல் கம்பெனியிலேயே விட்டார்கள் என்பதற்கான எழுத்து அது. அந்தப் பணம் மரமாகவும் நிலமாகவும் எப்போதோ மாறிவிட்டது. பெட்டியில் இருக்கும் ரொக்கம் 1 லட்சம் மட்டுமே. ரிசர்வைக் காட்டி ரொக்கம் கேட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் கணக்கர் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். நம் கோரிக்கை நியாயமாக இருந்தும் அந்த ஒரு சொல்லால் தோற்றுவிடுவோம்.

சரி, 1 லட்சம் ரொக்கம் போதுமா? ஆண்டுக் கூலி 21 லட்சம் என்றால் மாதக் கூலி 1 லட்சத்து 75 ஆயிரம். பெட்டியிலோ 1 லட்சம். அதாவது, வாங்கியவன் பாக்கியைத் தந்தால்தான் நமக்குச் சம்பள நாளில் சம்பளம்! வரவேண்டிய பாக்கி 6 லட்சம். ஆண்டு விற்பனை 42 லட்சம். 6ஐ 42ஆல் வகுத்து 365ஆல் பெருக்கினால் 52 நாள். ரப்பரை அனுப்பிச் சராசரி 52 நாள் கழித்துத்தான் காசு வருகிறது. அந்தப் பாக்கிக்காரன் யார்? உறவுக் கம்பெனியா? அப்படியானால் நம் தோட்டம் அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டு, தான் மட்டும் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

இலாபம் காட்டும் கம்பெனியும் ரொக்கம் வறண்டு விழுவதுண்டு. விழுந்தால் ஈடு வாங்கிய வங்கியும் அந்த ஈட்டின் மேல் உரிமை கோரும். தொழிலாளியின் கூலிக்குச் சட்டம் ஒரு வரம்பு வரை மற்றக் கடன்காரர்களுக்கு முன்னே இடம் தருகிறது. ஆனால் கொடுக்கப் பணம் மிச்சம் இருந்தால்தானே அந்த இடத்துக்குப் பலன்? எனவே தணிக்கையாளர் அறிக்கையைத் தவறாமல் படியுங்கள். "கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் ஐயம் உள்ளது" என்ற கருத்தில் ஒரு வரி இருந்தால் அது அபாயச் சங்கு. ஊழியர் சேமநிதிக்கு நம் பேரில் மாதாமாதம் பணம் போகிறதா என்பதையும் ஒவ்வொருவரும் பாருங்கள். காசு முட்டுப்படும் முதலாளி முதலில் பாக்கி வைப்பது பல வேளைகளில் அங்கேதான்.

நான்காம் கணக்கு: காலத்துக்கும் விலை உண்டு

ஒரு காலத்தில் நம் லயங்களில் பெண்கள் கூட்டுப் பிடித்தார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. ஆனால் அதன் பாடம் எல்லாருக்கும் நினைவிருக்கும்: முதல் மாதம் எடுக்கும் நூறும் கடைசி மாதம் எடுக்கும் நூறும் ஒன்றல்ல. இன்றைய காசு நாளைய காசைவிட மதிப்பு மிக்கது.

ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி என்றால், இன்று வரவேண்டிய 100 வெள்ளி இரண்டு ஆண்டு கழித்து வரும்போது இன்றைய மதிப்பில் 92 வெள்ளி 46 காசுதான். ஒப்பந்தப் பேச்சை இழுத்தடித்து, பிறகு பாக்கிச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுக்கும்போது நாம் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறோம். தாமதத்தின் விலையை யாரும் எண்ணுவதில்லை. இனி எண்ணுவோம்.

இதே கணக்கு இன்னொரு பெரிய உண்மையையும் விளக்கும். ரப்பர் நட்டால் வெட்டுக்கு வர ஏறக்குறைய ஆறு ஆண்டு ஆகிறது. செம்பனை மூன்று ஆண்டில் காய்க்கத் தொடங்குகிறது. 6 விழுக்காடு வட்டியில் இன்று போட்ட 100 வெள்ளி மூன்று ஆண்டில் 119 ஆகும். ஆறு ஆண்டில் 142 ஆகும். செம்பனைக்காரன் முதல் வருமானத்தைப் பார்க்கும்போது 119ஐ ஈடு செய்தால் போதும். ரப்பர்க்காரன் 142ஐ ஈடு செய்ய வேண்டும். போதாததற்குச் செம்பனைக்கு ஹெக்டருக்கு வேண்டிய ஆளும் குறைவு. 1960களிலிருந்து கம்பெனிகள் ஏன் ரப்பரைப் பிடுங்கிச் செம்பனை நட்டன என்பதற்கு இந்த வட்டிக் கணக்கும் ஒரு காரணம். நம் வாழ்வை மாற்றிய முடிவுகள் காட்டில் எடுக்கப்படவில்லை. இப்படிப்பட்ட தாள்களில் எடுக்கப்பட்டன.

ஐந்தாம் கணக்கு: நிலம்

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஐந்தொகையில் நிலம் 10 லட்சம் என்று பார்த்தோம். 500 ஹெக்டருக்கு 10 லட்சம் என்றால் ஹெக்டர் 2,000 வெள்ளி. இந்தக் காலத்தில் அந்த விலைக்கு நிலம் எங்கே கிடைக்கும்? அது வாங்கிய காலத்து விலை. வாங்கிய விலையிலேயே நிலத்தை எழுதி வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. விதி அதை அனுமதிக்கிறது. பக்கத்தில் நெடுஞ்சாலையும் நகரமும் வந்து, ஹெக்டர் ஒரு லட்சம் வெள்ளிக்குப் போகிறது என்று வைப்போம். 500 ஹெக்டருக்கு 5 கோடி. புத்தக விலை போக ஆதாயம் 4 கோடியே 90 லட்சம். வரியைத் தள்ளிப் பார்த்தால், ஆண்டுக்கு 1 லட்சம் இலாபம் காட்டும் கம்பெனிக்கு இது 490 ஆண்டு இலாபம்!

முதலாளிக்கு வருமானம் இரண்டு வகை. ஒன்று ஆண்டு இலாபம். மற்றொன்று நிலத்தின் விலையேற்றம். சம்பளப் பேச்சில் முதலாவதை மட்டும் மேசை மேல் வைக்கிறார்கள். இரண்டாவது, நிலம் விற்கப்படும் நாள்வரை எந்த இலாபக் கணக்கிலும் எட்டிப் பார்க்காமலே இருந்துவிடலாம். காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கியவர் யார், அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் யார் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இந்தக் கத்திக்கு இரு பக்கமும் கூர் என்பதையும் சொல்ல வேண்டும். பங்குதாரர் முதலும் சேர்த்த இலாபமும் 44 லட்சம். அதற்கு 1 லட்சம் இலாபம் என்றால் 2.3 விழுக்காடு. நிலத்தின் இன்றைய மதிப்பையும் சேர்த்து 534 லட்சத்துக்குக் கணக்கிட்டால் 0.2 விழுக்காடுகூட வராது. "வங்கியில் போட்டாலே இதைவிட அதிகம் வருமே, விற்றுவிடுவோம்" என்று டைரக்டர்கள் நினைப்பார்கள். நாம் காட்டும் அதே எண் அவர்களுக்கு விற்கக் காரணமாகிறது.

இது கற்பனை அன்று. 1950களில் அந்நியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். மொத்தமாக வாங்கும் விலைக்கும் துண்டாக விற்கும் விலைக்கும் இருந்த வேறுபாடே அவர்கள் இலாபம். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதே காலத்தில், 1960ஆம் ஆண்டில், வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். ஐந்தொகையின் உரிமைப் பக்கத்தில் தொழிலாளியின் பெயரும் ஏறியது அப்படித்தான்.

1981 செப்டம்பர் 7ஆம் நாள் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் நம் நாட்டின் பெர்மொடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளில் பெரும்பான்மையைக் கைப்பற்றியது. அன்று காலை கத்ரி தோட்டங்களில் மரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன; பாலும் அதே பால். ஆனால் உடைமை மாறிவிட்டது. பங்கு என்பது என்ன, அதன் வலிமை எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

நம் கற்பனைத் தோட்டம் விற்கப்பட்டால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? தீபகற்பத்தில் 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஆண்டுக்கு 20 நாள் கூலி குறைந்தபட்ச நட்டஈடு. 25 ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள் கூலி. நாள் ஒன்றுக்கு 60 வெள்ளி என்றால் 30 ஆயிரம். 100 பேரும் அப்படிப்பட்டவர்களே என்றாலும் 30 லட்சம். நிலத்தின் ஆதாயம் 490 லட்சம். நூற்றுக்கு ஆறு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்! "சட்டப்படி கொடுத்துவிட்டோம்" என்ற சொல்லின் உலர் எடை இதுதான். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் வீட்டு மனை கேட்கவும், கூடுதல் நட்டஈடு கேட்கவும் இந்த எண்ணே நமக்கு ஆதாரம். அதை விற்பனை முடிந்த பிறகு கேட்டால் கேட்பதற்கு எதிரே ஆள் இருக்காது. தோட்டத்தைச் சுற்றி நில அளவைக் கல் நடும்போதே கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளின் ஆண்டறிக்கை புர்சா மலேசியாவின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்றக் கம்பெனிகள் பதிவு செய்த கணக்குகளைக் கட்டணம் செலுத்திக் கம்பெனிகள் ஆணையத்தில் பெறலாம். ஒவ்வொரு கிளையும் தன் கம்பெனியின் ஐந்து ஆண்டு அறிக்கையைச் சேர்த்து வைக்கட்டும். ஓர் ஆண்டு எண் ஏமாற்றும்; ஐந்து ஆண்டு எண்களை வரிசையாக எழுதினால் உண்மை தெரியும்.

இரண்டு: இன்று பார்த்த கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விற்ற விலை சந்தை விலையா? உறவுக் கம்பெனிகளுக்குப் போனது எவ்வளவு? தேய்மானம் எவ்வளவு, மறுநடவு எவ்வளவு? ரொக்கம் எத்தனை மாதக் கூலிக்குக் காணும்? நிலம் எந்தக் காலத்து விலையில் இருக்கிறது? பேச்சு வார்த்தைக்குப் போகும் குழுவில் ஒருவராவது இந்தத் தாளோடு போகட்டும்.

மூன்று: இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து நம் பக்கத்து நிறையில் வெட்டும் தோழர்களுக்கும் இதை அவர்கள் அறிந்த மொழியில் சொல்லுங்கள். கூலிக் கணக்கில் அவர்கள் வேறு நாம் வேறு அல்ல.

நான்கு: பிறர் கணக்கைக் கேட்கும் நாம் நம் கணக்கையும் கேட்க வேண்டும். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி சங்கமும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டியாக வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலும் கோவில் நிர்வாகத்திலும் கணக்கு வாசிக்கும்போது எழுந்து டீ குடிக்கப் போகாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். புரியாத தொகைக்குக் கை உயர்த்துங்கள். அங்கே பழகிய வாய்தான் கம்பெனி மேசையிலும் பேசும்.

தோழர்களே, கணக்கு நமக்குப் பகையுமல்ல, துணையுமல்ல. உண்மையிலேயே கொடுக்க முடியாத கம்பெனியைக் கணக்கு காட்டிக் கொடுக்கும். அப்போது நம் கோரிக்கையை அளந்து வைக்க வேண்டும். கொடுக்க முடிந்தும் கையை விரிக்கும் கம்பெனியையும் அதுவே காட்டிக் கொடுக்கும். அப்போது நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. எது எது என்று பிரித்தறிய இன்று பழகிய கூட்டல் கழித்தல் போதும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் தன் கம்பெனியின் அறிக்கை ஒன்றைக் கொண்டு வரட்டும். கற்பனைக் கம்பெனியை விட்டுவிட்டு உண்மைக் கம்பெனியைச் சேர்ந்து படிப்போம். 

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!